வெள்ளைக் கழிச்சல்

இறகைச் சிலுப்பிக்கொண்டு, மூலையில் தூங்கி வழிகிறதா உங்கள் கோழி? எச்சம் பச்சையும் வெள்ளையுமாய்ப் போகிறதா? வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். உத்தராகண்டிலுள்ள மலையூரின் பெயரால் ராணிக்கெட் நோய் என்பதும் இதைத்தான். முற்றினால் கழுத்து திருகிக்கொள்ளும். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. சீரகமும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், காப்பது தடுப்பூசிதான். குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-ஆவது வாரம் இறக்கையில் ஊசி. மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். வெயிலில் பையில் போட்டு எடுத்துவந்தால் வீண். சந்தையில் வாங்கிய சேவல், பார்க்க எவ்வளவு மிடுக்காக இருந்தாலும், இரண்டு வாரம் தனியே இருக்கட்டும். தமிழகத்தில் வழக்கமாகப் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. தேதியை உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள்.