வலி தீர்க்கும் வைத்தியர் எங்கே?

"இனி ஆவதொன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்." தீராத வியாதியால் வருந்துவோரின் குடும்பத்தார் ஆஸ்பத்திரி வாயிலில் கேட்டுக் கலங்கும் சொற்கள் இவை. நோய் தீராது என்பது மெய்யாயிருக்கலாம். செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பது மெய்யன்று. வலியைத் தணிக்கலாம், மூச்சுத் திணறலை அடக்கலாம், உண்மையைப் பரிவுடன் எடுத்துரைக்கலாம். 'பாலியேட்டிவ்' சிகிச்சை என வழங்கும் இவ்வாதரவு வைத்தியத்தை வெறும் தர்மமென்று எண்ணுவது தவறு. அது முறையாகப் பயின்று தேற வேண்டிய சாஸ்திரம்.

1967-ல் லண்டனில் ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் இதற்கென ஓர் இல்லம் கண்டார். இருபதே ஆண்டுகளில், 1987-ல், பிரிட்டன் இதனைத் தனித் துறையாக ஏற்றது. நம் நாட்டில் 1986-ல் பம்பாயில் சாந்தி அவேதனா ஆசிரமம் தோன்றியது. 1993-ல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் தொடங்கிய சங்கத்தை ஊர் ஜனங்களே தோள்கொடுத்து வளர்த்தனர். ஆயினும் எம்.டி. பட்டத்துக்கு 2010-ல்தான் அங்கீகாரம் கிடைத்தது. 2012-ல் மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் படிப்புத் தொடங்கிற்று. தொண்டு முந்திற்று, கல்வி பிந்திற்று.

இதன் பலன் யாது? மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் சர்க்கார் அனுமதியுடன் அபினி விளைகிறது; பிற தேசங்களுக்கும் செல்கிறது. அதிலிருந்து எடுக்கும் மார்பினோ நம் நோயாளிக்கு எட்டாக்கனி! 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகள் அம்மருந்தைக் கைவிட்டன. அதைக் கையாளக் கற்காமலே ஒரு தலைமுறை வைத்தியர் பட்டம் பெற்றனர். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தைத் திருத்தினால் போதுமா? கல்லாத கைக்குத் துணிவு எங்கிருந்து வரும்?

இன்றுள்ள வழிகளில் இரண்டைக் காண்போம். எம்.பி.பி.எஸ். முடித்தோர் மூன்றாண்டு எம்.டி. பயிலலாம், ஆனால் இடங்கள் மிகச் சில. தொழில் புரியும் வைத்தியர்கள் திருவனந்தபுரம், கோழிக்கோடு முதலிய இடங்களில் சில வாரப் பயிற்சி பெறலாம்; ஆனால் அதற்கு விடுப்பும் உதவியும் வேண்டும்.

ஆகவே நாம் கோருவன மூன்று. சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஒவ்வொன்றிலும் இத்துறை அமைதல் வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரி வைத்தியரைச் சம்பளத்துடன் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். இவ்வைத்தியத்தில் தேர்ச்சி காட்டாத மாணவர் எவரும் டாக்டர் பட்டம் பெறலாகாது.

கோழிக்கோட்டில் வழி காட்டியவர்கள் சாதாரண ஜனங்களே. நம் ஊர்த் தொண்டர்களும் இக்கோரிக்கையைச் சட்டசபை அங்கத்தினர் முன் வைத்து விடாது வற்புறுத்துவார்களாக. துடித்து மடிவது எந்தப் பிரஜைக்கும் விதியன்று. அதனை விதியென்று நாம் பொறுத்திருப்பதே குற்றம்.