தீவுகளின் விருட்சங்கள்: பெருந்தாழையும் சௌராப் பானையும்

நிக்கோபார் மக்கள் லாரோப் என்று வழங்கும் பெருந்தாழையின் உருவத்தையும், அது செழிக்கும் கடலோரச் சதுப்பு நிலங்களையும் சென்ற வாரம் பார்த்தோம். இவ்வாரம் சாகுபடியைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். எனினும் அந்தப் பழம் அன்னமாக மாறும் விதத்தை முதலில் அறிந்தாலொழிய, அதனைப் பயிரிடுவோரின் சிரத்தை நமக்கு விளங்காது.

நம்முடைய சோழமண்டலக் கரையில் தாழை என்றவுடன் நினைவுக்கு வருவது ஆண் மரத்தின் பூமணமே. பெண் மரம் ஈனும் பழத்தை நாம் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நிக்கோபாரிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே தலைமுறை தலைமுறையாக மக்களின் பசியைத் தீர்த்துவந்தது பெருந்தாழையின் பழமே. பெரிய நிக்கோபார்த் தீவின் காட்டுக்குள் வாழும் ஷோம்பேன் மக்களுக்கு இன்றளவும் அதுவே பிரதான ஆகாரம். 1792 ஆம் ஆண்டின் 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' மூன்றாம் தொகுதியில் நிக்கோலாஸ் ஃபோன்டானா என்பவர் மெல்லோரி என்ற பெயரால் இப்பழத்தை வருணித்தார். கல்கத்தாவின் சர் வில்லியம் ஜோன்ஸ் சூட்டிய 'பாண்டனஸ் லேராம்' என்னும் பெயரையே தாவர சாஸ்திரிகள் இன்றும் வழங்குகின்றனர்.

இப்பழத்தைப் பச்சையாக உண்ண இயலாது. நாவும் தொண்டையும் அரிக்கும். ஆகையால் சுளைகளைப் பெரிய பானையில் அடுக்கி, இலைகளால் மூடி, நெடுநேரம் வேகவைத்து, வெந்த சதையைச் சிப்பியால் வழித்து, அதிலுள்ள நார்களைப் பொறுமையாக நீக்கி, எஞ்சிய மஞ்சள் நிற மாவைத் திரட்டி வைத்துக்கொள்கின்றனர்.

அந்தப் பானையின் சரித்திரமே இவ்வாரம் என் சிந்தை முழுவதையும் கவர்ந்துகொண்டது. முற்காலத்தில் நிக்கோபார்த் தீவுக் கூட்டத்துக்குப் பானை செய்துகொடுக்கும் உரிமை, சில சதுர மைல் பரப்பே உடைய சௌராத் தீவு ஒன்றுக்கே இருந்தது. வியப்பு யாதெனில், சௌராவில் பானைக்கு ஏற்ற களிமண் கிடையாது. அண்டையிலுள்ள தெரசாத் தீவிலிருந்து படகில் ஏற்றி வந்தனர். மண்ணைப் பதப்படுத்துவதும், சக்கரத்தின் உதவியின்றித் திரிதிரியாக உருட்டிய மண்ணை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிப் பானையை எழுப்புவதும், சுடுவதும் ஸ்திரீகளின் பணி. சுட்ட பானை ஆறுமுன்னரே ஈரமான இளந்தேங்காய் மட்டையின் கீற்றை அதன்மீது வைத்து அழுத்த, கருநிறக் கோடுகள் நிலையாகப் பதிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர் ஈ. எச். மேன் என்னும் ஆங்கிலேய உத்தியோகஸ்தர். பழம் ஒரு தீவில், மண் ஒரு தீவில், கைத்திறன் வேறொரு தீவில்; இம்மூன்றையும் இணைத்தது படகு. ஒரு விருட்சம் ஒரு தீவுக் கூட்டத்தையே ஒரு குடும்பமாகப் பிணைத்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்விடத்தில் நம் தரங்கம்பாடியையும் நினைவுகூரத் தோன்றுகிறது. 1768 இல் அவ்வூரிலிருந்து சென்ற மொரேவியப் பாதிரிமார் நான்கௌரியில் குடியேறி, தேவையான பண்டங்களுக்குத் தரங்கம்பாடிக் கப்பலையே எதிர்நோக்கி, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்து, சுமார் இருபது ஆண்டுகளில் அம்முயற்சியைக் கைவிட்டனர். அதே கரையில் நிக்கோபார் மக்களோ தாழையையும் தென்னையையும் ஆதாரமாகக் கொண்டு வாழ்ந்துவந்தனர்.

2004 டிசம்பர் 26 ஆம் தேதியின் ஆழிப்பேரலை கடலோரத் தோப்புகளைப் பெருமளவில் அழித்தது. சில இடங்களில் நிலமே கடலுக்குள் தாழ்ந்தது. தங்களுக்கு மண் அளித்த அதே தெரசாத் தீவில் சௌரா மக்கள் அடைக்கலம் புக நேர்ந்தது. நிவாரணமாக அரிசி வந்தது; அது அத்தியாவசியமே. ஆயினும் அரிசி கப்பலை எதிர்பார்க்கும் உணவு. தாழையோ வாசலில் நிற்கும் உணவு. ஆகவே தென்னங்கன்றுக்கு அளிக்கும் கவனத்தைத் தாழங்கிளைக்கும் அளிக்கவேண்டும் என்றும், பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் நகரமும் திட்டமிடுவோர் ஷோம்பேன் மக்களின் தாழை வனங்களை அவர்களுடைய நெற்களஞ்சியமாகவே கருதவேண்டும் என்றும் வற்புறுத்துவது நம் கடமை.

வேர்விட்ட கிளையை வெட்டி நடும் முறையையும், துஹேத் என்னும் கூட்டுக் குடும்பங்களின் தோப்புரிமையையும் அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.