குளிர்மலையில் இஞ்சி வளர்ப்போம்

இஞ்சி மணக்காத தமிழர் அடுக்களை உண்டோ? தேநீரில் தட்டிப் போடவும், குழம்புக்கு அரைக்கவும், செரியாமைக்குச் சாறு பிழியவும் நமக்கு இஞ்சி வேண்டும். ஆயினும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மில் பலர் அதனைக் கடையில் வாங்கியே பழகிவிட்டோம். "இது குளிர் மலை, இங்கே இஞ்சி வராது" என்பது நாம் அடிக்கடி கேட்கும் சொல். அச்சொல் பாதியே உண்மை.

இஞ்சி வெப்பநாட்டுப் பயிர். மண்ணின் வெப்பம் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருந்தால் அது விரைந்து முளைக்கும். நம் மலையிலோ பகலில் 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் 15 பாகையை ஒட்டி இறங்கிவிடும். எனினும் இங்கே உறைபனி இல்லை. ஆகவே இஞ்சி மடிவதில்லை, மெல்ல வளர்கிறது. குறைவாக உள்ள வெப்பத்தை நாம் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

மாணவர்களே, ஓர் இஞ்சித் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் வளையம் வளையமாகக் கணுக்களும், கணுக்களில் மொட்டுகளும் தெரியும். வேருக்குக் கணு இல்லை. எனவே நாம் உண்பது வேர் அன்று. மண்ணுக்குள் வாழும் தண்டு. அம்மொட்டே புதிய செடியாகிறது.

தை, மாசி மாதங்களில் நன்கு முற்றிய, சுருங்காத இஞ்சியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று மொட்டுகள் உள்ள துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை இரண்டு நாள் நிழலில் வையுங்கள். பின்னர், சற்றே ஈரமான மணலில் பாதி புதைத்து, சமையல் அடுப்பிற்கு அருகில் வையுங்கள். அடுப்பின் கதகதப்பே முளையை எழுப்பும். சில வாரங்களில் முளை விரல்நுனி அளவு வந்ததும் நடலாம்.

நடுவதற்கு நிலம் வேண்டியதில்லை. பழைய அரிசிச் சாக்கோ உரச் சாக்கோ போதும். சாக்கின் அடியில் துளைகள் இட்டு, வாயைக் கீழே மடித்து, மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து பாதியளவு நிரப்புங்கள். முளை மேல்நோக்க, இரண்டு அங்குல ஆழத்தில் துண்டை நடுங்கள். காலை வெயில் படும் சுவரோரம் சாக்கை வையுங்கள். பகலில் சூடேறிய சுவர், மாலையிலும் சிறிது நேரம் வெப்பம் தரும். செடி உயர உயரச் சாக்கின் மடிப்பை ஏற்றி, மண் அணைத்து வாருங்கள். அணைத்த மண்ணுக்குள்தான் புதிய கிழங்கு படரும்.

நாம் முதன்முதலில் பள்ளித் தோட்டத்தில் நட்டபோது, ஆர்வ மிகுதியால் மாணவர்கள் காலையும் மாலையும் நீர் ஊற்றினர். நாமும் தடுக்கவில்லை. ஒரே மாதத்தில் துண்டுகள் யாவும் அழுகி நாறின. குற்றம் குளிருடையதன்று, நம்முடையதே. குளிர்ந்த மண்ணில் நீர் விரைவில் வற்றாது. விரலை மண்ணில் நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் விடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாக்குகளைத் தாழ்வாரத்திற்கு நகர்த்திவிட வேண்டும். அழுகல் கண்ட மண்ணில் மீண்டும் இஞ்சியை நடலாகாது. நோய்க்கிருமி அம்மண்ணிலேயே தங்கியிருக்கும்.

ஐந்து, ஆறு மாதங்களில் ஓரத்தைக் கிளறி இளஞ்சியைக் கொஞ்சம் எடுக்கலாம். முற்றிய இஞ்சிக்குப் பத்து மாதங்களேனும் பொறுக்க வேண்டும். இலைகள் மஞ்சளாகிச் சாய்வதே அறுவடைக்கு அடையாளம். மறு ஆண்டு நாம் ஆறு சாக்குகளில் நட்டோம். ஒன்று அழுகியது, ஐந்து விளைந்தன. எடுத்ததில் நல்ல துண்டுகளை விதைக்கென ஒதுக்கிய பின்னரே பங்கிட்டோம்.

பெற்றோர்களே, நாம் குடியிருக்கும் வீடு தோட்டத்தினுடையது. வேலை ஓய்ந்தால் வீட்டை விட்டுச் செல்ல வேண்டியவர்கள் நாம். "நமதல்லாத மண்ணில் எதை நடுவது?" என்று ஒரு முதியவர் எம்மிடம் கேட்டார். அவருக்கு விடையாகவே சாக்கில் வளர்க்கும் முறையை இங்கு எழுதினோம். வீடு மாறினால் சாக்கும் உடன் வரும். விதைத்துண்டும் உடன் வரும்.

இவ்வாண்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாக்கு வைப்போம். பிள்ளைகள் நடட்டும்; பெரியோர் வழிகாட்டட்டும்.