உங்களுக்குத் தெரியுமா? – குழாய்க்குள் ஒரு கொந்தளிப்பு

● அரை இஞ்ச் பைப்பில் தண்ணீர் கலங்காமல், அடுக்கடுக்காக வழுக்கிக்கொண்டு ஓடவேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டருக்கு மேல் விடக் கூடாது. 15 லிட்டர் பக்கெட் நிரம்பப் பத்து நிமிடம்! யாருக்கு இருக்கிறது அந்தப் பொறுமை? நம் வீட்டுக் குழாய்களில் பெரும்பாலும் ஓடுவது சுழற்சி ஓட்டம்தான். அடுக்கடுக்காக வழுக்கி ஓடும், பள்ளிப் பாடத்தில் முதலில் வரும் வரிச்சீர் ஓட்டம் வீட்டில் அபூர்வம்.

● இரண்டையும் கண்ணால் காட்டியவர் மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். ஆய்வுக்கட்டுரை வெளியான ஆண்டு 1883. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் மெல்லிய சாயக்கோடு ஒன்றை விட்டார். வேகம் குறைவாக இருந்தவரை கோடு நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஓரிடத்தில் சட்டென்று கலைந்து குழாய் முழுக்க நிறம் பரவியது. மின்பொறி வெளிச்சத்தில் பார்த்தால், கலங்கலாகத் தெரிந்த அந்த இடமெல்லாம் சுருள் சுருளாகச் சுழிகள்!

● வேகம், விட்டம், அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண். சுமார் 2,000-க்குக் கீழே வரிச்சீர். 4,000-ஐத் தாண்டினால் பொதுவாகச் சுழற்சி. இடைப்பட்ட பகுதியில் எது வருமென்று நம்ப முடியாது. வடிவமைப்பாளர்கள் அந்தப் பக்கமே போகப் பயப்படுவார்கள்.

● குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அழுத்தத்தில் எவ்வளவு கூடுதலாக ஓடும்? வரிச்சீர் ஓட்டத்தில் 16 மடங்கு. சுழற்சி ஓட்டத்தில் சுமார் 6 மடங்குதான். சூத்திரத்தை மாற்றிப் போட்டால் மோட்டார் கணக்கே தப்பிவிடும்.

● துரு, சொரசொரப்பு இவையெல்லாம் வரிச்சீர் ஓட்டத்தை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. சுழற்சி ஓட்டத்தில்தான் அவற்றின் தொல்லை. ஜெர்மனியில் நிகுராட்ஸே என்ற ஆய்வாளர் குழாய்களின் உட்சுவரில் மணலை ஒட்டி இதை அளந்து, 1933-ல் வெளியிட்டார்.

● சுழற்சியை வேண்டுமென்றே உண்டாக்கும் இடங்களும் உண்டு. வெப்பப் பரிமாற்றிகளில் தண்ணீர் கலங்கினால்தான் சுவரின் சூடு சீக்கிரம் உள்ளே இறங்கும்.

● டாக்டர் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் தட்டல் ஓசைக்கு, நசுங்கிய தமனியில் ரத்தம் கலங்கிப் பாய்வதும் ஒரு காரணம்.

● அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் 1979-ல், உராய்வைக் குறைக்க நீளமான பாலிமர் மூலக்கூறுகளைச் சிறிதளவு கலக்கத் தொடங்கினார்கள். சுழிகள் அடங்க, அதே பம்புகளால் கூடுதல் எண்ணெயைத் தள்ள முடிந்தது. வரிச்சீர் ஓட்டத்தில் இந்த வித்தை பலிக்காது. அடக்குவதற்கு அங்கே சுழியே இல்லையே!