ரயில்வே சிக்னல், தொலைத்தொடர்புப் பராமரிப்பாளர்

ரயில்வே சிக்னல், தொலைத்தொடர்புப் பராமரிப்பாளர் என்பவர் சிக்னல், பாயிண்ட், கேட் தொலைபேசி, நிலைய ஒலிபெருக்கி போன்ற கருவிகளைச் சோதித்துப் பழுது நீக்கும் தொழில்நுட்பப் பணியாளர் ஆவார். பழவேற்காடு ஏரிப் பகுதியிலுள்ள காட்டூர் போன்ற ஊர்களுக்கு அருகில் செல்லும் சென்னை–கூடூர் பாதையில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை ஆகிய நிலையங்கள் உள்ளன. விரைவு ரயில், புறநகர் மின்ரயில், சரக்கு ரயில் மூன்றும் ஓடும் பாதை இது.

பணிகள்

ரயில் ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்குத் திரும்பும் இடம் பாயிண்ட் எனப்படும். அங்குள்ள நகரும் தண்டவாளம் நிலையான தண்டவாளத்துடன் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். இதைச் சோதிக்க, இரண்டுக்கும் இடையே 5 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் துண்டு வைக்கப்படும். அந்நிலையில் பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டிக்கொண்டால் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பாதையில் ரயில் நிற்பதை அறிய டிராக் சர்க்யூட் உதவுகிறது. தண்டவாளங்களின் வழியே குறைந்த மின்னோட்டம் சென்று, மறுமுனையிலுள்ள ரிலேயை இயக்கிக்கொண்டிருக்கும். ரயிலின் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் மின்சாரத்தால் இணைத்துவிடுவதால் ரிலேக்கு மின்சாரம் கிடைக்காது, சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் சிவப்புதான். பழுது ஏற்பட்டால் ரயில் நிற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. மழையில் ஜல்லி நனைந்து மின்சாரம் கசியும்போது, ரயில் இல்லாமலேயே சிவப்பு விழுவதும் உண்டு.

பாதுகாப்பு விதிகள்

சிக்னல் பழுதானால் ரயில்கள் தாமதமாகும். விரைந்து முடிக்குமாறு பணியாளருக்கு நெருக்கடி வரும். ஆயினும், நிலைய அதிகாரியிடம் எழுத்து மூலம் துண்டிப்பு அறிவிப்பு கொடுத்து, ஒப்புதல் பெற்ற பிறகே கருவியில் கைவைக்க வேண்டும். பணி முடிந்ததும் சோதித்து, மறு இணைப்பு அறிவிப்பு தர வேண்டும். குறுக்கு வழியில் ரிலேக்கு மின்சாரம் கொடுத்தால், ரயில் நிற்கும் பாதைக்கும் பச்சை விழக்கூடும்.

2023 சூன் 2 அன்று ஒடிசாவின் பாகாநாகா பஜார் நிலையத்தில், பிரதான பாதைக்குப் பச்சை பெற்ற கோரமண்டல் விரைவு ரயில் லூப் பாதையில் நுழைந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. இவ்விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் சுற்றின் கம்பி இணைப்பை மாற்றியபோது நேர்ந்த தவறுகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையிலும், பிரதான பாதைக்குச் சிக்னல் பெற்ற மைசூரு–தர்பங்கா பாக்மதி விரைவு ரயில் லூப் பாதையில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. பலர் காயமடைந்தனர், உயிரிழப்பு இல்லை. சிக்னல் காட்டுவதும் பாயிண்ட் இருக்கும் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டியதன் தேவையை இவ்விரு விபத்துகளும் உணர்த்துகின்றன.

தகுதியும் பயிற்சியும்

ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் தேர்வின் மூலம் பணியாளர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். முதல் நிலை சிக்னல் டெக்னீசியன் பணிக்கு இயற்பியல், மின்னணுவியல், கணினி அறிவியல் போன்ற பாடங்களில் அறிவியல் பட்டமோ, உரிய பொறியியல் பட்டயமோ தேவை. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 29,200. இத்துறைக்கான உயர்நிலைப் பயிற்சி நிறுவனம் 1957-இல் செகந்திராபாத்தில் தொடங்கப்பட்டது.