மூணு லட்சம், அறுபத்தோரு கட்டை: ஒரு சின்தசைசர் வாங்கப் போன கதை



திருவொற்றியூர்ல எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். பகல்ல கன்டெய்னர் யார்டு வேலை, சாயங்காலம் ஆனா கீபோர்டு. கல்யாணக் கச்சேரி, திருவிழா, சாவு வீட்டுக் கானா, எதுக்குக் கூப்பிட்டாலும் போவார். அவரோட பழைய கீபோர்டு ஒருநாள் ராத்திரி அவர் மானத்தை வாங்கிடுச்சு.

காசிமேடு பக்கம் ஒரு சாவு வீடு. இறந்தவரைப் பத்தி கானா பாடகர் மெதுவா பாடிக்கிட்டு இருக்கார். அண்ணன் பின்னாடி ரொம்ப மெல்லிசா ஸ்ட்ரிங்ஸ் பிடிக்கிறார். திடீர்னு நடுவுல ஒரே ஒரு கட்டை மட்டும் முழு சத்தத்துல அலறுது. பயந்து கையை எடுத்து, மறுபடி பூ மாதிரி தொட்டாலும் அதே அலறல். அந்த வீட்டு அம்மா திரும்பிப் பார்த்த பார்வையை அவரால மறக்க முடியலையாம்.

அடுத்த மாசமே சீட்டு எடுத்துட்டார். கையில மூணு லட்சம். மாடி ரூமை ஸ்டுடியோ ஆக்கணும், ஏரியா பசங்க பாட்டை இங்கேயே ரெக்கார்ட் பண்ணணும்னு ஆசை. இப்போ அவங்க பஸ் ஏறி வடபழனி பக்கம் போய் மணிக்கணக்குல வாடகை கட்டுறாங்க. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ இ.சி.இ. தானே? எதை வாங்கலாம், சொல்லு. தப்பா வாங்கிட்டா இன்னொரு சீட்டு எடுக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

அன்னைக்கு ராத்திரியிலிருந்து மூணு வாரம் நான் படிச்சதும், கேட்டதும், கடையில தட்டிப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

கீபோர்டு எல்லாம் ஒண்ணு இல்ல

கடையில வரிசையா வெச்சிருந்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே நாலு வேற வேற ஜாதி.

முதலாவது அரேஞ்சர். இடது கையில ஒரு கார்டு பிடிச்சா டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானே கூட வரும். தனியா மேடை ஏறுறவங்களுக்கு வரம். இரண்டாவது சின்தசைசர். ஒலியை நாமே செதுக்குற கருவி. மூணாவது ஒர்க்ஸ்டேஷன். சின்தசைசரோட சீக்வென்சர், டிரம், எஃபெக்ட்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியில முழுப் பாட்டையும் முடிக்கலாம். நாலாவது மிடி கன்ட்ரோலர். அதுக்குன்னு சொந்தக் குரலே கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமா அழுத்தினோம்னு கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும், அவ்வளவுதான்.

கடைக்குப் போகும் முன்னாடி, இந்த நாலுல நமக்கு எது வேணும்னு முடிவு பண்ணிடணும். பாதிப் பேர் தப்பு பண்றது இங்கேதான். ஸ்டுடியோவுக்கு சின்த் தேடிப் போய், டெமோ பாட்டு நல்லா இருக்குன்னு அரேஞ்சரைத் தூக்கிட்டு வந்துடுவாங்க.

உள்ளே ஒலி எப்படிப் பிறக்குது?

அனலாக் முறை நம்ம பாடத்துல வர்றதுதான்: ஆசிலேட்டர் ஒரு அலையை உருவாக்கும், ஃபில்டர் அதுல தேவையில்லாத அதிர்வெண்ணை வெட்டும், என்வலப் அந்த ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்கணும்னு தீர்மானிக்கும். 1970-ல வந்த மினிமூக் இப்படித்தான் வேலை செஞ்சது. ஒரு நேரத்துல ஒரே ஒரு சுரம்தான் வரும்.

அப்புறம் எஃப்.எம். முறை. ரேடியோ எஃப்.எம். தத்துவத்தைக் கேட்கும் அதிர்வெண்ணுக்குள்ளேயே பயன்படுத்தலாம்னு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஜான் சவ்னிங் கண்டுபிடிச்சார். அதை வாங்கி யமஹா 1983-ல டி.எக்ஸ்.7 ஆக்கியது. எண்பதுகளோட சினிமாப் பாட்டுல கேட்கிற அந்தக் கண்ணாடி மாதிரியான எலெக்ட்ரிக் பியானோ, மணி ஒலி எல்லாம் இந்தக் குடும்பம்.

மூணாவது சாம்பிள் முறை. நிஜ வாத்தியத்தைப் பதிவு செஞ்சு மெமரியில வெச்சு, கட்டைக்கு ஏத்த சுருதியில திரும்ப ஒலிக்க வைக்கிறது. 1988-ல வந்த கோர்க் எம்1 இந்த முறையில எஃபெக்ட்ஸ், சீக்வென்சர் எல்லாம் சேர்த்து ஒர்க்ஸ்டேஷன்ங்கிற வார்த்தையையே பிரபலமாக்குச்சு.

இப்போ வர்ற உயர்தர மாடல்கள் இதெல்லாத்தையும் ஒண்ணா சேர்த்தவை. 2023-ல வந்த யமஹா மான்டேஜ் எம்-ல சாம்பிள், எஃப்.எம்., அனலாக் மாடலிங்னு மூணு எஞ்சின். கோர்க் நாட்டிலஸ்ல ஒன்பது எஞ்சின். ரோலண்ட் ஃபேன்டம், குர்ஸ்வைல் கே2700 இரண்டும் இதே உயரத்துல நிக்குறவை. நார்ட் ஸ்டேஜ் 4 பியானோ, ஆர்கன், சின்த் மூணையும் மேடையில சட்டுனு மாத்தி வாசிக்க வசதியானது. ஆனா அதுக்குள்ளேயே முழுப் பாட்டையும் பதிவு செய்ய நினைக்காதீங்க.

விவரப் பட்டியலைப் படிக்கிறது எப்படி?

பாலிஃபனி: ஒரே நேரத்துல எத்தனை குரல் ஒலிக்கும்னு சொல்ற எண். "128 எதுக்கு? நமக்குப் பத்து விரல்தானே"ன்னு தோணும். கணக்குப் போடுங்க. நாலு டோனை அடுக்கின ஒரு பேட்ச், ஒவ்வொண்ணுலயும் இரண்டு அடுக்கு, எட்டு சுரம் அழுத்துறோம்: 4 × 2 × 8 = 64. சஸ்டெயின் பெடலை மிதிச்சுக்கிட்டே அடுத்த கார்டு போனா 128 அங்கேயே தீர்ந்தது. அதுக்கு மேல போனா பழைய சுரங்கள் சத்தமில்லாம வெட்டுப்படும். ஆனா ஸ்டுடியோவுல ஒவ்வொரு டிராக்கா பதிவு செய்யலாம்ங்கிறதால இது மேடை அளவுக்குப் பெரிய தலைவலி இல்ல.

கட்டைகள்: பியானோ கத்துக்கிட்டவங்களுக்கு எடை வெச்ச 88 கட்டை வேணும். சின்த் லீடு, பேஸ், ஸ்ட்ரிங்ஸ்தான் அதிகம்னா லேசான 61 போதும். அண்ணனோட ரூம் பத்துக்குப் பத்து. 88 கட்டை உள்ளே வந்தா பாடகர் வெளியே நிக்கணும்!

ஆஃப்டர்டச்: கட்டையை அழுத்தின பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினா ஒலி அதிரவோ, பிரகாசமாகவோ செய்யும் வசதி. முதல்தர மாடல்கள்ல பெரும்பாலும் இருக்கும். மான்டேஜ் எம்8எக்ஸ்ல ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாவே இருக்கு. அதே கம்பெனிகளோட தம்பி மாடல்களான மோடிஎக்ஸ் பிளஸ், ஃபேன்டம்-0 வரிசையில ஆஃப்டர்டச் கிடையாது. எஞ்சின் ஏறக்குறைய ஒரே குடும்பம்தான். விலையை ஏத்துறதுல பெரிய பங்கு கட்டை, உடம்பு, நாப், திரைக்கு. இது தெரிஞ்சதுமே அண்ணன் முகத்துல ஒரு வெளிச்சம்.

நம்ம பாட்டுக்குத் தாங்குமா?

தியாகராஜர் பஞ்சரத்தினம் பாடின ஊர் எங்க திருவொற்றியூர். வீணையில நரம்பை இழுத்தா சுரம் வழுக்கிப் போகும். கீபோர்டுல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தாண்ட நமக்கு இருக்கிற பாலம் பிட்ச் பெண்ட்.

1983-ல வந்த மிடி தரத்துல சாதாரண கட்டளைகளுக்கு 7 பிட், அதாவது 128 படிதான். பிட்ச் பெண்டுக்கு மட்டும் 14 பிட், 16,384 படி கொடுத்தாங்க. மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம்னு வெச்சா மொத்தம் 400 சென்ட். 128 படின்னா ஒரு படிக்கு 3 சென்ட்டுக்கு மேல, காது கண்டுபிடிச்சுடலாம். 16,384 படின்னா 0.03 சென்ட்கூட இல்ல, வழுவழுன்னு போகும். ஆனா ஒரு சிக்கல்: பெண்ட் பண்ணா அந்தச் சேனல்ல ஒலிக்கிற எல்லா சுரமும் சேர்ந்து வளையும். அதனாலதான் கமகம் வாசிக்கும்போது ஒரு நேரத்துல ஒரு சுரம்தான் வாசிக்க முடியுது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி சேனல் கொடுக்குற எம்.பி.இ. முறை 2018-ல தரமாச்சு. ஏ.ஆர்.ரஹ்மான் வாசிக்கிற கன்டினுவம் ஃபிங்கர்போர்டுல கட்டையே கிடையாது, விரல் வழுக்கிற பரப்பு மட்டும்தான். அதோட தேவை இப்போ புரியுதா?

கானாவுக்கு இன்னொண்ணும் வேணும். சட்டி, தப்பு, பேஞ்சோ இந்த ஒலிகள் எந்த ஜப்பான் பெட்டியிலயும் நம்ம பதத்துல வராது. நாமே மைக் வெச்சுப் பதிவு செஞ்சு கட்டையில ஏத்தணும். அதனால நேரடியா சாம்பிள் எடுக்க முடியுமான்னு பாருங்க. ஃபேன்டம், நாட்டிலஸ் வகையறாவுல முடியும். சிலதுல வேவ் ஃபைலை வெளியிலிருந்துதான் ஏத்த முடியும்.

நம்ம ஏரியா கேட்கிற கேள்விகள்

எந்த யூடியூப் ரிவ்யூவும் இதைச் சொல்லாது. நம்ம ஏரியாவுல கடல் இருக்கு, லாரி இருக்கு, எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூசும் சாம்பலும் இருக்கு.

அண்ணன் கீபோர்டு ஏன் அலறுச்சு தெரியுமா? ஒவ்வொரு கட்டைக்கும் அடியில இரண்டு காண்டாக்ட். கட்டை இறங்கும்போது முதல்ல ஒண்ணு தொடும், அப்புறம் இன்னொண்ணு. இரண்டுக்கும் நடுவுல ஆன நேரத்தை வெச்சுத்தான் எவ்வளவு பலமா அடிச்சோம்னு கருவி கணக்குப் போடும். நேரம் குறைஞ்சா சத்தம் அதிகம். முதல் காண்டாக்ட்ல தூசியும் உப்பு ஈரமும் படிஞ்சு தாமதமா தொட்டா இடைவெளி சுருங்கிடும். நீங்க தடவினாலும், அது குத்தினதா நினைச்சு அலறும். பழைய கீபோர்டைத் திறந்து காண்டாக்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சோம், சரியாயிடுச்சு. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அந்த ராத்திரி மானம் தப்பியிருக்கும்.

அதனால மூடி கட்டாயம். ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. பெட்டியில சிலிக்கா ஜெல் பை போட்டு வைங்க. எர்த் சரியா இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க. 'ங்ங்ங்'னு வர்ற இரைச்சல்ல பாதி அங்கேதான் இருக்கு. சேவ் பண்ணும்போது கரண்ட் போனா வேலை போச்சு, அதனால சின்னதா ஒரு யு.பி.எஸ். வாங்கிடுங்க. பழைய செட் வாங்கினா பின்பக்கம் வோல்ட்டேஜ் படிங்க. ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், நம்ம 230 வோல்ட்ல நேரா சொருகினா புகை வரும்.

கம்ப்யூட்டர் போதாதா?

நியாயமான கேள்வி. நல்ல லேப்டாப், ஒரு கன்ட்ரோலர், சாஃப்ட்வேர் வாத்தியங்கள் இருந்தா குறைந்த செலவுல நிறைய ஒலி கிடைக்கும். தாமதம்தான் பயம். பஃபர் 256 சாம்பிள், 48,000 ஹெர்ட்ஸ்னா 5.3 மில்லி செகண்ட். ஒலி காத்துல ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். இரண்டு மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வெச்ச மாதிரிதான், சமாளிக்கலாம். ஆனா அண்ணன் அதே கருவியைத் தோள்ல போட்டுக்கிட்டு மேடைக்கும் போகணும். மேடையில லேப்டாப் ஹேங் ஆனா சரி பண்ண நேரம் கிடையாது. அதனால அவருக்குப் பெட்டிதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வைங்க. ரஹ்மானோட அப்பா ஆர்.கே.சேகர் 1976-ல காலமானப்போ, அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைச்சது. 1989-ல கோடம்பாக்கத்துல வீட்டுக் கொல்லைப்புறத்துல பஞ்சதன் ரெக்கார்ட் இன் எழும்புச்சு. ரோஜா வந்தது 1992-ல. நடுவுல மூணு வருஷம். கருவி வந்த உடனே பாட்டு வந்துடாது, அதோட பழக நாள் பிடிக்கும். ஆனா நல்ல கருவி ஒரு குடும்பத்துக்குச் சோறும் போடும்.

அண்ணன் என்ன வாங்கினார்?

தன்னோட ஹெட்ஃபோனை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனார். டெமோ பட்டனைத் தொடவே இல்ல. தினமும் வாசிக்கிற நாலு பாட்டையே எல்லாத்துலயும் வாசிச்சார். முதல்தர மாடல் கட்டை மேல கை வெச்சுட்டு, "சோக்கா கீது தம்பி" என்றார், எடுக்க மனசு வரல. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அதை வாங்கினா மைக்குக்குக் காசு இருக்காது.

கடைசியில ஃபேன்டம்-06. 61 கட்டை, சாம்பிள் எடுக்கலாம், தோள்ல தூக்கலாம். ஆஃப்டர்டச் இல்லையேன்னு கேட்டேன். "என் இடது கை எப்பவும் பெண்ட் லீவர்லதான் இருக்கும், எனக்கு எதுக்குடா அது?" என்றார். கையில இருந்த பணத்துல ஏறக்குறைய பாதி அங்கே போச்சு. மீதியில ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், ஸ்பீக்கர், யு.பி.எஸ்., சுவருக்குக் கனமான திரை. கடைசிச் சில்லறையை அவசரத்துக்குன்னு எடுத்து வெச்சுட்டார்.

நீங்க வாங்கப் போனா இதே வரிசையில யோசிங்க: எங்கே வாசிக்கப் போறோம், என்ன பாட்டு, என்ன எஞ்சின், எத்தனை கட்டை, சென்னையில சர்வீஸ் இருக்கா, கருவி போக மீதி எவ்வளவு. பிராண்ட் பேர் கடைசியில வரட்டும்.

மாடி ரூம்ல முதல்ல ரெக்கார்ட் பண்ணது என்ன தெரியுமா? அந்தக் காசிமேடு வீட்டுக் கானாதான். அதே பாடகர், அதே பாட்டு, பின்னாடி அதே மெல்லிசான ஸ்ட்ரிங்ஸ். நடுவுல வெளியே ஒரு டிரெய்லர் லாரி ஹாரன் அடிச்சதால இரண்டு தடவை எடுக்க வேண்டியதாச்சு. மூணாவது டேக்கைப் பென்டிரைவ்ல போட்டு அண்ணன் அந்த அம்மா கையில கொடுத்துட்டு வந்தார். காசு வாங்கல.

இந்த மாசச் சீட்டையும் கட்டிட்டார்.