கரை காப்பவர்கள் – 9: தேடப் போகும் படகுகள்

பூவத்துக்குக் கிழக்கே நண்டலாறு கடலில் கலக்கிறது. ஆற்றின் வடகரை தமிழ்நாடு: சந்திரபாடி, தரங்கம்பாடி. தென்கரை புதுச்சேரி அரசின் காரைக்கால்: மண்டபத்தூர், காளிக்குப்பம். சாலையில் வருகிறவருக்கு எல்லை எது என்று தெரிந்துவிடும். எஞ்சின் நின்றுபோன பைபர் படகுக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. நீரோட்டம் இழுக்கிற பக்கம் அது போகும்.

விடியலில் கரை பிடிக்க வேண்டிய படகு பொழுது ஏறியும் வரவில்லை என்றால், இந்தக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்து கூடிவிடும். எங்கே வலை விட்டார்கள், எத்தனை பாகம் தண்ணீர், கடைசியாக யார் கண்ணில் பட்டார்கள், காற்று எப்போது திரும்பியது என்று விசாரிப்பார்கள். அன்றைக்கு ஊரில் தொழில் கிடையாது. இறங்குகிற படகெல்லாம் தேடத்தான் இறங்கும். பக்கத்து ஊருக்குச் சொல்லி அனுப்பினால் அங்கிருந்தும் வரும். அப்போது எந்த அரசின் ஊர் என்று யாரும் கேட்பதில்லை. தன்னார்வ மீட்புக் குழு என்று நகரங்களில் பெயர் வைத்து ஆள் சேர்க்கிறார்கள். இங்கே ஊரே தலைமுறை தலைமுறையாக அந்தக் குழுவாக இருக்கிறது. கூலி கிடையாது, எரிபொருள் செலவும் அவரவர் கைக்காசு.

கணக்கு ஒன்று சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது நம் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். மணிக்கு 1 கடல்மைல் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர். பூவத்துக்கு நேரே நின்ற படகு மறுநாள் வேளாங்கண்ணியைத் தாண்டியிருக்கும். இரண்டாம் நாள் கோடியக்கரையை நெருங்கும், அதற்கப்பால் இலங்கைக் கடல். காரைக்காலின் கடற்கரை நீளமோ சுமார் 20 கிலோமீட்டர்தான். புகாரை எந்த மாவட்டத்தில் எழுதுவது என்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் படகு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். நேரம் இரட்டித்தால் தேட வேண்டிய பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

கவிழ்ந்து கிடக்கும் படகு ஒரு திசையில் போகும். நிமிர்ந்து மிதக்கும் படகு காற்றையும் வாங்கிக்கொண்டு வேறு திசையில் போகும். தண்ணீரில் கிடக்கும் ஆளை நீரோட்டமே கொண்டுபோகும். இதையெல்லாம் கணித்துச் சொல்ல ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் 2016இல் ‘சாரட்’ என்ற கணினிக் கருவியைக் கொண்டுவந்தது. நல்ல கருவி. ஆனால் அதற்கும் காணாமல் போன இடம், நேரம், போனது என்ன என்ற மூன்றையும் யாராவது சொல்லியாக வேண்டும். அந்த மூன்றும் இருப்பது பஞ்சாயத்துக் கூட்டத்தில்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியபோது நடந்தது நினைவிருக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் ஆழ்கடலில் சிக்கியிருந்தார்கள். அரசின் தேடுதல் போதவில்லை என்று உறவினர்களே படகெடுத்துப் போனார்கள். திருவனந்தபுரம் பூந்துறை மீனவர்களும் போய், உயிரோடிருந்தவர்களையும் சடலங்களையும் கொண்டுவந்தார்கள். பிறகுதான் மீனவர்களையும் தேடுதல் கப்பல்களில் ஏற்றிக்கொண்டார்கள். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறு ஆண்டு ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போனார்கள். கடலையே பார்த்திராத தெருக்களில் கூரையிலிருந்து மனிதர்களை இறக்கினார்கள். கேரள அரசு படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அறிவித்தது. நம் பக்கத்தில் தேடப் போகும் படகுகளுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு நிரந்தரமாக வேண்டும்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தைத் தொடங்கியது. வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் 6,000 தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்பது முதல் இலக்கு. பின்னர் அது 350 மாவட்டங்கள், 1 லட்சம் பேர் என்று விரிந்தது. முதலுதவி, தண்ணீரில் மீட்பு, கயிறு கட்டுதல் எல்லாம் அதில் உண்டு; கருவிப் பையும் காப்பீடும் உண்டு. நீச்சலையும் கடலையும் இந்த ஊர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மூச்சு நின்றவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது, குளிரில் விறைத்துப் போனவரை எப்படிப் பக்குவமாகத் தூக்குவது என்பதைச் சொல்லித்தந்தால் போதும். தேடப் போகிறவர் அடிபட்டால் அவர் வீட்டுக்கு அந்தக் காப்பீடும் வந்துசேர வேண்டும்.

காரைக்காலில் கடலோரக் காவல்படை இருக்கிறது. 1554 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. படகு இறக்குவதற்கு முன்பே பஞ்சாயத்து அந்த எண்ணுக்குப் பேசிவிட வேண்டும், “கொஞ்ச நேரம் பார்ப்போம்” என்று காத்திருக்கக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர்களும் தேடுதல் முடியும்வரை ஊர்க்காரர் ஒருவரைக் கட்டுப்பாட்டு அறையில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. காரைக்கால், மயிலாடுதுறை, நாகை ஆட்சியர்கள் மூவரும் கடலோரக் காவல்படையோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தாலே நடந்துவிடும். வாடை தொடங்கும் முன் அதைச் செய்யட்டும்.